கோவேறு கழுதை நடந்த பாதை: கிராவல் சைக்கிளிங்குக்கு ஒரு சின்னக் கணக்கு

சைக்கிள் ஓட்டப் பிடிக்கும், ஆனால் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் பிடிக்காது. உங்களில் நிறைய பேர் நிலைமை இதுதானே? இந்தத் தொல்லைக்குப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கும் வழிதான் கிராவல் சைக்கிளிங். தார் ரோட்டை விட்டுவிட்டு, சரளையும் மண்ணும் போட்ட, கார் நுழையாத பாதைகளில் போவது. பாறை மேல் குதிக்கிற சாகசம் இல்லை, ரேஸும் இல்லை. காடு, ஆற்றங்கரை, கிராமம் என்று நாள் முழுக்க ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகலாம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான் முதல் கேள்வி வரும். நாம் பாதையிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு நாள் பயணம் சுகமா, சோதனையா என்பதை முதலில் முடிவு செய்வது பாதை, அடுத்தது டயரில் இருக்கிற காற்று. சைக்கிளின் விலை அதற்கப்புறம்தான்.

வாஷிங்டனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தலைநகரம், டிராஃபிக்குக்குப் பஞ்சமில்லாத ஊர். அதன் நடுவில், ஜார்ஜ்டவுன் பகுதியில், 0 என்ற மைல்கல்லிலிருந்து ஒரு மண்பாதை கிளம்புகிறது. பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊர் வரை 184.5 மைல், சுமார் 297 கி.மீ. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பழைய கால்வாய், தலைக்கு மேல் மரங்கள். கார், பைக் எதுவும் கிடையாது. பெயர் செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாய்ப் பாதை.

சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை இது. 1828 ஜூலை 4-ல் இந்தக் கால்வாயை வெட்ட ஆரம்பித்தார்கள். 100 டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகைக் கயிறு கட்டி இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடப்பதற்காகக் கரையில் போட்டதுதான் இந்தப் பாதை. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில்தான் பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வேயும் அடிக்கல் நாட்டியது. கம்பர்லாந்துக்கு ரயில் 1842-ல் வந்துவிட்டது, கால்வாய் 1850-ல்தான் வந்து சேர்ந்தது. ஓஹையோ ஆற்றைத் தொடும் திட்டம் அங்கேயே நின்றுபோனது. பெயரில் மட்டும் ஓஹையோ மிச்சம். 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்தும் நின்றது.

இப்போது கணக்குக்கு வருவோம், பயப்படாதீங்க, பிளஸ் டூ இயற்பியல் போதும்.

கால்வாயில் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். அதனால் கரையும் மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் நிலம் ஏறுகிறதே? அதற்குத்தான் லாக் என்ற தொட்டி. இரண்டு பக்கமும் கதவு இருக்கும். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும். இந்தக் கால்வாயில் 74 லாக்குகள். மொத்த ஏற்றம் 605 அடி, அதாவது 184 மீட்டர். ஒரு லாக்குக்கு சராசரியாக 2.5 மீட்டர். சைக்கிளில் போகும் உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றால், கிலோமீட்டர் கணக்கில் மட்டம், லாக் வந்ததும் ஒரு குட்டி மேடு, மறுபடியும் மட்டம். 184 மீட்டரை 297 கி.மீ.க்குப் பரப்பினால் கிலோமீட்டருக்கு 62 சென்டிமீட்டர்!

நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். எடை சுமார் 834 நியூட்டன். 0.062 சதவீதச் சரிவு உங்களைப் பின்னால் இழுக்கும் விசை அரை நியூட்டன்தான். சரளையில் டயர் உருளும்போது வரும் தடை எவ்வளவு? இறுகிய சரளைக்கு உருளல் தடைக் கெழு 0.010 என்று எடுத்தால் 8.3 நியூட்டன். மேட்டைவிட 16 மடங்கு! மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு 7.5 நியூட்டன் தடுக்கும். எல்லாம் சேர்த்து 16 நியூட்டன் சொச்சம், வினாடிக்கு 5 மீட்டரால் பெருக்கினால் 80 வாட் சொச்சம். ஓரளவு பழக்கம் இருக்கிறவர் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய அளவு இது.

இந்தக் கணக்கில் நீங்கள் மாற்றக்கூடியது எது என்று யோசிங்க. மேடு ஏற்கெனவே கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த வேகத்தில் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டு ஏரோ ஹெல்மெட் வாங்குவது வீண். மிச்சம் இருப்பது டயர். நல்ல தார் ரோட்டில் 0.005 இருக்கிற கெழு சரளையில் 0.010 ஆனால், ஓயாமல் அரை சதவீத மேடு ஏறுவதற்குச் சமம். மழையில் நனைந்த களிமண்ணில் அது இன்னும் ஏறும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "டயர் கல்லு மாதிரி இருந்தா வேகமா போகும்" என்று பம்ப் அடித்துத் தள்ளுவார்கள். வழவழப்பான ரோட்டில் அது ஓரளவு சரி. சரளையில் ஒவ்வொரு கல்லிலும் விறைப்பான டயர் எம்பும். முன்னே போக வேண்டிய ஆற்றல் உங்களையும் சைக்கிளையும் மேலும் கீழும் உலுக்குவதில் போய்விடும். கை மரத்துப்போவது அதனால்தான். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். பின்சக்கரத்தில் 500 நியூட்டன் பாரம் இருந்தால், 80 பி.எஸ்.ஐ.யில் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 9 சதுர சென்டிமீட்டர், 40-ல் அதே 18. பிடிப்பும் கூடும். அதற்காக ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டாதீங்க. 40 மி.மீ. அகல டயர் என்றால் 40 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்க. ஹாஸ்டல் பின்னால் மட்டமான மண்ரோடு ஏதாவது இருக்கும். ஒரு கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 10 கி.மீ. வேகம் இருக்கிற மாதிரி வந்து, மிதிப்பதை நிறுத்துங்க. எவ்வளவு தூரம் உருள்கிறது என்று டேப் வைத்து அளங்க. வேகத்தின் வர்க்கத்தை, 2 பெருக்கல் ஜி பெருக்கல் தூரம் என்பதால் வகுத்தால் கெழு கிடைக்கும். 39 மீட்டர் உருண்டால் 0.010, 20 மீட்டரிலேயே நின்றால் 0.020. காற்றின் தடையைக் கழிக்காத கணக்கு இது, ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்க. பிறகு காற்றழுத்தத்தை மாற்றி மறுபடியும். இருக்கிற பழைய சைக்கிளே போதும்.

அந்தப் பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி 155-வது மைலில் இருக்கிற பா பா சுரங்கம். ஆறு அங்கே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகளைச் சுற்றாமல் மலையைக் குடைந்தார்கள். நீளம் 3,118 அடி, சுமார் 950 மீட்டர். 1836-ல் தொடங்கிய வேலை இரண்டு வருடத்தில் முடியும் என்று சொன்னார்கள், முடிந்தது 1850-ல். (நம் ஃபைனல் இயர் பிராஜெக்ட் எவ்வளவோ தேவலாம்.) உள்ளே விளக்கு கிடையாது, பாதை குறுகல், மேடு பள்ளம் வேறு. டார்ச் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தப் பாதை இன்றைக்கு இருப்பதே பெரிய விஷயம். 1938-ல் கால்வாயை அரசாங்கம் ரயில் கம்பெனியிடமிருந்து வாங்கியது. அதன் மேல் கார் போகும் ரோடு போடலாம் என்று பிறகு ஒரு திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை ஆதரித்துத் தலையங்கமே எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பதில் கடிதம் எழுதினார்: என்னோடு முழுப் பாதையும் நடந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம் என்ற தொனியில். அந்த மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து கிளம்பினார்கள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் அவரோடு சேர்த்து 9 பேர்தான். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது, ரோடு திட்டமும் கைவிடப்பட்டது. 1971-ல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. அந்த ரோடு வந்திருந்தால் நாம் மேலே போட்ட கணக்கில் லாரியையும் சேர்த்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் முழுத் தூரமும் போக நினைக்க வேண்டாம். 14-வது மைலில் கிரேட் ஃபால்ஸ் அருவி. போக வர 46 கி.மீ., ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இன்னும் ஆசை இருந்தால் 60-வது மைல் தாண்டியதும் ஹார்ப்பர்ஸ் ஃபெரி. மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீங்க. மண் டயரோடு சேர்ந்து பிரேக்கில் அடைத்துக்கொள்ளும்.

கம்பர்லாந்தில் பாதை முடிந்துவிடவில்லை. அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை இன்னொரு 150 மைல், கிரேட் அலிகெனி பாஸேஜ். இது கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேல் பொடிச் சுண்ணாம்புக்கல் பரப்பியது, தண்ணீர் சீக்கிரம் வடியும். ஆனால் ரயிலுக்கு லாக் கிடையாதே! கம்பர்லாந்திலிருந்து முதல் 38 கி.மீ.யில் சுமார் 540 மீட்டர் ஏறிவிடுகிறது. அதே 85 கிலோ, அதே 0.010 கெழு, மணிக்கு 10 கி.மீ. வேகம். எத்தனை வாட் தேவை? போட்டுப் பாருங்க. பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் நோக்கி வந்தால் அந்த 38 கி.மீ. இறக்கமாகிவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, நீங்களாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புவீர்கள் என்று சொல்லுங்க.