எழும்பூரில் இறங்கி பனகல் பார்க் வரை

ஆத்தூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். மரச்சிற்ப வேலையாகச் சென்னைக்கு வரும் தம்மம்பட்டிக்காரர்கள் கடை திறக்கும்வரை லாட்ஜில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பத்து கிலோமீட்டருக்குள் நகரத்தின் பழைய பூங்காக்களை நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் பீப்பிள்ஸ் பார்க். ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியில் 1859இல் உருவானது. நூறு ஏக்கருக்கும் மேல். விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் அடுத்தடுத்து எழுந்தது அந்த மண்ணில்தான். அங்கிருந்த மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு, அதே வளாகத்தில் இருந்த மூர் மார்க்கெட் சந்தை எரிந்தது. இன்று அந்தச் சந்தை இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். பூங்காவாக மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு. அதனால்தான் ஆட்டோவில் வந்து வாசலில் இறங்குபவர்களுக்கு இந்த இடம் பிடிபடாது. பாதி வரலாறு வேலிக்கு வெளியே கிடக்கிறது, கால்நடையாகச் சுற்றினால்தான் அதன் பரப்பு புரியும்.

சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா 1869இல் நேப்பியர் பார்க்காகத் தொடங்கியது. ஆளுநர் பெயர் போய்த் தொழிலாளர் தினத்தின் பெயர் வந்தது நல்ல மாற்றம்தான். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றை முன்பெல்லாம் நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள். இப்போது அந்தத் தடை இல்லாவிட்டாலும் இதுவரையிலான நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

அண்ணா சாலையில் பூம்புகார் விற்பனை நிலையம் வரும். சொந்த ஊர்ச் சிற்பம் அங்கே எப்படிக் காட்சிக்கு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம்.

செம்மொழிப் பூங்கா சற்றுத் தாமதமாகத் திறக்கும், டிக்கெட் உண்டு. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010இல் அமைந்தது. ஆனால் பெரிய மரங்கள் பல அதற்கு வெகுகாலம் முந்தியவை. அடிமரத்தைப் பார்த்தே வயதைக் கணிக்கும் சிற்பிகள் செடிகொடிகளை விட்டுவிட்டு நேரே அவற்றிடம் போக வேண்டும்.

கடைசியாக, தியாகராய நகர். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த பகுதி. பிட்டி தியாகராயர் பெயரில் நகர், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா, டாக்டர் நடேசன் பெயரில் இன்னொரு பூங்கா. நீதிக்கட்சியின் முன்வரிசைத் தலைவர்களை இப்படி ஒரே நடையில் சந்திக்க வேறு இடம் கிடையாது.

மெட்ரோ ரயில் பணிக்காகப் பனகல் பார்க்கின் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். பீப்பிள்ஸ் பார்க்கின் கதையைப் பார்த்தபின் இங்கு வருபவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: வேலை முடிந்ததும் அந்த நிலம் மரங்களோடு பூங்காவுக்கே திரும்ப வேண்டும்.