அடையாறில் மனம்விட்டுப் பேச யாரிடம் போவது?

அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி ஆற்றுவாள். ஒன்றைக் குடிப்பாள், இன்னொன்று ஏடு படிந்து மேடையிலேயே கிடக்கும். ராத்திரித் தூக்கம் போயே போய்விட்டது. நான்தான் வற்புறுத்தி அடையாறில் ஒரு உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். எல்.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு ஃப்ளாட்டின் முன்னறை. வாசலில் செருப்பு ஸ்டாண்ட், உள்ளே இரண்டு நாற்காலி, கைக்கெட்டும் இடத்தில் டிஷ்யூ பெட்டி. ஐம்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவள், "நல்லாத்தான் பேசினாங்க. ஆனா முழுக்க இங்கிலீஷ். ஆபீஸ்ல ரிப்போர்ட் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். காபி விஷயத்தை அவள் சொல்லவே இல்லை.

அதனால் இப்போது யார் என்னிடம் விசாரித்தாலும் மொழியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் ஆலோசகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பலரும் படித்தது ஆங்கிலத்தில், பயிற்சி எடுத்ததும் ஆங்கிலத்தில். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "மாமியார் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க" என்று ஒரு பெண் சொன்னால், அந்த 'ஒரு வார்த்தை'யின் கனம் தமிழில் வளர்ந்தவருக்கு விளக்காமலே புரியும். "நெஞ்சு அடைக்குது", "மனசு ஆறலை" என்பதெல்லாம் அப்படித்தான். போனில் நேரம் கேட்கும்போதே, "முழுக்கத் தமிழ்லயே பேசலாமா?" என்று கேட்டுவிடுங்கள். மாறாக, ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் சிலருக்குக் காதலையும் உடம்பையும் பற்றி ஆங்கிலத்தில்தான் வாய் வரும். அவர்களைத் தமிழுக்கு இழுக்க வேண்டாம். வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழி தெரிந்தவரிடம் போங்கள் என்பேன்.

அடுத்தது, யார் என்ன செய்வார் என்பது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், சிகிச்சையாகப் பேசுவார். இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆலோசகர் என்ற பெயர்தான் அகலமானது. இரண்டு வருட முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் பெற்றவரும் அந்தப் போர்டு வைக்கிறார், வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் வைக்கிறார். எங்கே படித்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் உண்டா என்று கேளுங்கள். நல்லவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

துக்கம், மணவாழ்க்கைச் சிக்கல், வேலைப் பதற்றம் என்றால் ஆலோசகரோ சைக்காலஜிஸ்டோ போதும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய், குளிக்கக்கூட எழ முடியவில்லை, அல்லது இல்லாத குரல் கேட்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மருந்தும் பேச்சும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. பலருக்கு இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

தனியார் அறையில் ஒரு அமர்வு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சகஜம். வாரம் ஒன்று என்று மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், குறைப்பவர்கள் இருக்கிறார்கள். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் செலவில்லாமல் பார்க்கலாம். அங்கே கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மருந்து தேவைப்படுகிறவருக்கு அதுவே பெரிய உதவி. வீட்டில் குடிப்பழக்கம்தான் பிரச்சினை என்றால் சுற்றி அலைய வேண்டாம். 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இந்திரா நகரில் நடத்தும் மருத்துவமனை அதற்கென்றே வேலை செய்கிறது. குடிப்பவருக்கு மட்டுமில்லை, கூட வாழ்ந்து ஓய்ந்துபோன மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. எண் 044-24640050. அங்கே இருக்கும் தன்னார்வலர்கள் நீங்கள் சொல்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் ஒருவரோடு தொடரும் சிகிச்சை வேறு. இப்படிப் பேசுவது அதற்கு மாற்று ஆகாது.

நேரிலா, வீடியோவிலா? இரண்டு படுக்கையறை வீட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது மாமனாரைப் பற்றி எப்படிப் பேசுவது? பெசன்ட் நகர் பீச் ஓரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசும் பெண்ணை எனக்குத் தெரியும். தனி இடம் இருந்தால் வீடியோ நன்றாகவே உதவும். இல்லையென்றால் நேரில் போங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று தயங்கினால் மயிலாப்பூரோ தி.நகரோ போகலாம், அதில் தப்பில்லை. ரகசியம் காப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்வார் என்பதை முதல் நாளே ஆலோசகர் விளக்க வேண்டும்.

மூன்று அமர்வு கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் லேசாகி வெளியே வர வேண்டும் என்பதில்லை. சில நாள் கனத்துத்தான் வருவோம். ஆனால் உங்கள் பேச்சைவிட அவர் பேச்சு அதிகமாக இருந்தால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்று முடித்துவிட்டால், ஜாதகம் பார்க்கச் சொன்னால், நான்காவது முறை போகாதீர்கள்.

மாறுவதானால் சொல்லிவிட்டே மாறலாம். அக்கா அந்த முதல் ஆலோசகருக்கே போன் செய்து, தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்றாள். அவர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் இரண்டு பெயர் கொடுத்தார். அதில் ஒருவர் மயிலாப்பூரில் இருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டாவது நாள் அக்கா காபியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டாராம், "அந்த ரெண்டாவது டம்ளரை அப்புறம் என்னம்மா பண்ணுவீங்க?" அதற்குப் பதில் சொல்ல அக்காவுக்கு மீதி நேரம் முழுக்க ஆனது.