எஞ்சின் ஓடியும் கார் ஓடவில்லை



கடந்த மே மாதம் தாத்தாவின் பழைய அம்பாசிடர் காரில் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். அங்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் எஞ்சின் பலமாக உறுமியது, காரோ நகரவில்லை. கருகிய நாற்றம் வேறு. அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். சித்தப்பா குதித்திறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்.

“எஞ்சின் போய்விட்டதா அப்பா?” என்றேன்.

“எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது” என்றார் அப்பா. அவர் பொன்மலையில் டீசல் எஞ்சின்களோடு பழகியவர்.

எஞ்சின் நின்ற நிலையிலிருந்து பளுவை இழுக்காது. நிமிடத்திற்குச் சில நூறு முறையாவது அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் மெல்ல இணைத்து வைப்பது கிளட்ச். அதன் பின் கியர் பெட்டி. 10 பற்களுள்ள சக்கரம் 30 பற்களுள்ளதைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும்; திருப்பு விசை ஏறக்குறைய மும்மடங்காகும். மேட்டில் முதல் கியர் போடுவது இதற்காகத்தான்.

அப்படியானால் நம் ஊர் இரயில் எஞ்சினில் எத்தனை கியர்? நான் நான்கைந்து இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கியர் மாற்றுவதே இல்லையாம்! 1962 முதல் இந்தியாவுக்கு வந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர்கள், 2600 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய இரயிலை கிளட்ச் வைத்துக் கிளப்பினால் பிளேட் நொடியில் கருகிவிடும். ஆகவே டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் ஆறு அச்சுகளிலுள்ள ஆறு மோட்டார்களுக்குச் செல்கிறது. இவ்வகை மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மிக அதிக விசை தரும். மோட்டாரில் 18 பற்கள், அச்சில் 65 பற்கள். அந்த ஒரே இணைதான், மாற்றமில்லை. ஓட்டுநர் எஞ்சினின் வேகத்தை மட்டும் எட்டு நிலைகளில் கூட்டிக் குறைக்கிறார்.

பராமரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணெய்ச் சோதனை. டீசல் ஷெட்டில் எண்ணெயை எடுத்து, நமக்கு இரத்தம் பார்ப்பது போலச் சோதிக்கிறார்கள். செம்பு கூடியிருந்தால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று, பிரித்துப் பார்க்காமலே அறியலாம். காருக்கு அவ்வளவு வேண்டாம். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் போதும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அன்று நாங்கள் பேருந்தில் திரும்பினோம். கார் ஆறிய பின், அப்பா மட்டும் முதல் கியரில் மெல்ல இறக்கிக் கொண்டு வந்தார். மெக்கானிக் பழைய பிளேட்டைக் காட்டினார்: உராய்வுப் பட்டை தேய்ந்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. ஓட்டும்போதெல்லாம் கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்தே இருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அப்படிக் கால் வைத்தவர் யார் என்று எழுதக் கூடாதென்று சித்தப்பா கேட்டுக்கொண்டதால், எழுதவில்லை.

சனிக்கிழமை தோறும் எண்ணெய் பார்க்கும் வேலையைத் தாத்தா எனக்கே கொடுத்துவிட்டார்.

— பத்தாம் வகுப்பு மாணவி