சாய அவுரி: விதைக்குமுன் விலை பேசுங்கள்

இயற்கைச் சாயத் துணிகளுக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டுள்ளது. நீல நிறத்துக்கு மூலப்பொருள் அவுரி. 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் குறைந்துபோன இச்சாகுபடி, திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் நடக்கிறது.

விதை: தென் மாவட்டங்களில் நிலாவாரையையும் அவுரி என்பார்கள். அது மருந்துப் பயிர், நீலம் தராது. நீலி எனப்படும் சாய அவுரிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பயிர்: நீர் தேங்காத நிலம் ஏற்றது. விதைத்துச் சுமார் மூன்று மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது அறுக்கலாம். அடிக்கட்டையை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும்.

சாயம்: அறுத்த தழையை வாடவிடாமல் அன்றே தொட்டி நீரில் அமிழ்த்த வேண்டும். மறுநாள் நீரை வேறு தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி அடித்தால் நீலம் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டிப் பிழிந்து, வில்லைகளாக உலர்த்துவர்.

எரு: அவுரியின் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும். சாயம் எடுத்தபின் மிஞ்சும் தழையும் நல்ல எரு.

விற்பனை: பக்கத்தில் சாயத் தொட்டி இல்லாவிட்டால் பச்சைத் தழை வீணாகும். பச்சைத் தழையாகத் தருவதா, உலர்ந்த இலையாகவா, எடைக்கு என்ன விலை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதல் போகத்தில் சிறிது நிலத்தில் மட்டும் விதைத்துப் பார்ப்பது நலம்.