விவாகரத்து: கோர்ட் படி ஏறும் முன்

முதலில் நகை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெண்ணுக்கென்று போட்ட நகை, சீர்ப் பாத்திரம், பரிசுப் பணம் எல்லாம் சீதனம். அது அவளுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் என்னென்ன போட்டார்கள் என்று காட்ட வேண்டுமே! கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம், நெக்லஸ், வளையல் என ஒவ்வொன்றாக எழுதுங்கள். அம்மாவின் பீரோவில் நகைக்கடை ரசீது மங்கிப்போய்க் கிடக்கும். எழுத்து அழிவதற்குள் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இந்து திருமணச் சட்டப்படி மனமொத்துப் பிரிய, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் வரும் 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தலாம்.

ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு கைவசம் இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது வீட்டுக் கடனில்தான். ‘தவணையை அவர் கட்டுவார்’ என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டாலும், சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனுக்கு வங்கி உங்களையும் கேட்கும். வங்கியிலிருந்து எழுத்துமூலமான விடுவிப்பு கிடைக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு வந்ததும் இன்சூரன்ஸ், பி.எஃப். நாமினியை மாற்றுங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழையுங்கள்.