பன்றி வருகிறது, தோட்டா வரவில்லை

கேள்வி: ஐயா, தெரணியகல பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, ஓரத்தில் மரவள்ளி. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்த 12 போர் துவக்கும் உண்டு. ஆனால் தோட்டா கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை எட்டவில்லை. சுட்ட தோட்டாவில் மறுபடி மருந்து அடைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பக்கத்து லயத்தில் கம்பிச் சுருக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் என்ன செய்ய?

பதில்: அந்த ஆளிடம் ஒரு தோட்டாகூட வாங்காதீர்கள். என்ன மருந்து, எவ்வளவு என்பது அடைத்தவருக்கே நிச்சயமிருக்காது. அளவு மீறினால் குழல் உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். வீட்டில் கிடக்கும் பழைய தோட்டாவையும் நம்ப வேண்டாம். நம் சப்ரகமுவ ஈரத்துக்குப் பித்தளை அடி பச்சை பூத்துவிடும். அட்டைத் தோட்டா ஊதிப்போய்க் குழலில் இறங்காது. தட்டி நுழைக்காதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. வாயை மண்மேட்டுப் பக்கம் வைத்தபடி அரை நிமிடமாவது பொறுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. தோட்டா டொலர் கொடுத்து வரவழைக்க வேண்டிய பொருள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனையே கட்ட முடியாது என்று அரசு அறிவித்த பிறகு, எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றோம். தோட்டாவை யார் நினைப்பார்கள்? அதே ஆண்டு தொடங்கிய உக்ரேன் போர், துப்பாக்கி மருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸை இராணுவத் தொழிற்சாலைகள் பக்கம் இழுத்துக்கொண்டது. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச்சட்டத்தின் கெடுபிடி வேறு. அந்தக் கெடுபிடியில் நியாயமும் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலைப் பக்கம் கிளர்ச்சியாளர் கைக்குப் போனவற்றில் வீட்டுத் துவக்குகளும் இருந்தன.

எனக்குப் பெரிய கவலை அந்தச் சுருக்குதான். 2020 மே மாதம் சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாளில் செத்தது. சுருக்கு போதாதென்று அடுத்து, நூலில் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்குக்குப் போவார்கள். பன்றிக்குக் கட்டும் நூல் மனிதனின் முழங்கால் உயரத்தில் நிற்கும். விடியுமுன் தலைவிளக்கோடு றப்பர் மலைக்கு ஏறும் பால்வெட்டுகிறவர் கண்ணில் அது படாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவதும் அதே கொலைதான்.

ஆனால் லயத்துக்காரர்களைத் திட்டாதீர்கள். உங்களிடம் காணி உறுதி இருந்ததால் லைசென்ஸ் கேட்க முடிந்தது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போடும் குடும்பத்திடம் காட்ட என்ன காணி இருக்கிறது? ஆகவே அவர்களையும் சேர்த்துக்கொண்டு தோட்டத் தொரையிடம் போங்கள். தோட்ட எல்லைக்குக் கம்பிவேலி கேளுங்கள். கீழ்க் கம்பி மண்ணோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிட மூக்கால் நெம்பித்தான் நுழையும். கிழங்கு முற்றும் வாரங்களில் முறைவைத்து இரவுக் காவல் இருங்கள். மரவள்ளியைக் காட்டோரத்திலிருந்து வீட்டுப் பக்கம் மாற்றுவதும் உதவும். சேதத்தை ஒவ்வொரு முறையும் கிராம உத்தியோகத்தரிடமும் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

தோட்டா அனுமதி பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். லைசென்ஸை டிசெம்பர் 31க்குள் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள். திகதி போன பத்திரத்தோடு போனால், தோட்டா இருந்தாலும் உங்களுக்குத் தரமாட்டார்கள்.