பாதை ஏறும் மருமகனுக்கு

பெரியகல்லாறு

அன்புள்ள மருமகனுக்கு மாமன் வரையும் மடல்.

மட்டக்களப்புத் தமிழில் ‘பாதை’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காலடியில் கிடக்கும் வழி ஒன்று. வாவியின் ஒரு துறையிலிருந்து மறுதுறைக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைப் படகு மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்குக் கரை ஞாயிறு எழும் பக்கமாதலால் எழுவான்கரை என்றும், மேற்குக் கரை அது படும் பக்கமாதலால் படுவான்கரை என்றும் பெயர் பெற்றன; வயலும் மேய்ச்சலும் ஒருபுறமும் பெருந்தெருவும் சந்தையும் மறுபுறமுமாக அமைந்தமையால் இரு கரையாரும் பாதை ஏறாமல் வாழ முடியாதவராயினர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அத்துறையின் பாதை ஓய்ந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான பாதை அதன் பின்னரும் ஓடியது. பாதையில் ஏறியவர் எவ்வளவு அவசரக்காரரானாலும் உடன் ஏறியவரோடு ஒரே கணத்தில்தான் கரை சேர்வார். ஊரைவிட்டுப் புறப்பட ஆயத்தமாகும் மருமகன் தன் பெட்டியில் முதலாவதாக எடுத்துவைக்க வேண்டியது இந்தச் சொல்லையே.

பயணம் மனிதனைப் பெரியவனாக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது முதலில் அவனைச் சிறியவனாக்குகிறது என்பதே உண்மைக்கு நெருக்கமானது. இதைக் கிழக்கிலங்கையின் கதிர்காமப் பாதயாத்திரை நன்கு விளக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கரையோர ஊர்களை வாரக்கணக்கில் நடந்து கடந்து, உகந்தைமலை முருகன் கோயிலுக்கு அப்பால் குமண, யால காடுகளுக்குள் நுழைந்து, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்வது இந்த யாத்திரை. போர் அதைக் குலைத்தது. 1988இல் அது மீண்டும் தொடங்கியது. யாத்திரிகருக்குள் வழங்கும் விளிச்சொல் ‘சாமி’ என்பது. கந்தோரில் கையெழுத்திடுபவரும் கூலிக்கு வேலி கட்டுபவரும் அங்கே சாமியே. இருவரும் மாலையில் அறிமுகமில்லாத ஓர் ஊரின் கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்க வேண்டியவரே. நடப்பவனின் பணம் காட்டுவழியில் பயன்படாது. பிறர் வீட்டு வாளியும் பிறர் வீட்டுத் திண்ணையும் இல்லாமல் எவரும் கதிர்காமம் சேர்ந்ததில்லை. சேர்ந்த இடத்திலும் முருகன் கோயில் தனித்து நிற்கவில்லை. கிரி விகாரையும் பள்ளிவாசலும் அதே புனித எல்லைக்குள் இருக்கின்றன. வேடரும் அத்தலத்துக்கு உரிமையுடையோர்.

இத்தகைய பயணம் செய்யாமலே அதன் பாடத்தைச் சொல்லித்தரக்கூடிய வழக்கம் ஒன்று மருமகனின் பிறப்பிலேயே இருக்கிறது. தாய்வழியாக வரும் குலப்பிரிவு மட்டக்களப்பில் ‘குடி’ எனப்படும். பிள்ளை தாயின் குடியைச் சேரும், ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை, வீடு பெண்ணுக்குரியதாகி மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். இது தமிழருக்கு மட்டும் உரியதென்று பலர் நினைப்பதுண்டு. கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் முஸ்லிம்களிடையிலும் இதே குடிமுறை தாய்வழியாகவே வழங்கிவந்ததையும், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக மரைக்காயர் இருந்துவந்ததையும் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்ந்து 2008இல் நூலாக வெளியிட்டார். கோயிலும் பள்ளியும் வேறானாலும், பெண்பிள்ளை பிறந்தால் வீடு கட்டும் கவலை இரு வீட்டுத் தகப்பனுக்கும் ஒன்றே. முஸ்லிம் ஊரான மருதமுனையின் தறியில் நெய்த சாறனை உடுத்துக்கொண்டு மருதமுனையை அந்நிய நாடாகப் பேசுவது கல்லாற்றுக்கு அழகன்று.

ஆயினும் இந்த நெருக்கம் கொலையைத் தடுக்கவில்லை என்பதையும் மருமகனுக்கு மறைக்கலாகாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஐந்து கிழமை கழித்து, செப்டம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டானில் சுற்றுக் கிராமங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழர், குழந்தைகள் உட்பட, இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். கல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் பேருந்தில் போகும் எவரும் முதல் ஊரின் நடுவே செல்கின்றனர். இரண்டாவது ஊர் நகரத்துக்குச் சற்று வடக்கே உள்ளது. தன் இறந்தோரை மட்டும் எண்ணி மற்றவர் இறந்தோரை எண்ணாமல் விடும் கணக்கு, எவ்வளவு கண்ணீரோடு எழுதப்பட்டாலும் பொய்க்கணக்கே. முன்னேறுவதற்கு மறக்க வேண்டும் என்று இக்காலத் தலைமுறைக்குப் போதிக்கப்படுகிறது, அப்போதனை பிழையானது. மறந்தவன் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறான். இரு பக்கத்தையும் நினைவிற் கொண்டவனே அவ்விடத்தைக் கடந்து போகிறான்.

கடலும் ஒரு பாடம் கற்பித்தது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை, அதாவது சுனாமி, இக்கரைக்கு வந்தது. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிய மணற்றிடலில் கிடக்கும் கல்லாறு போன்ற ஊர்களில் ஓடி ஒதுங்க இடம் குறைவு. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை. அதே அலையில் மிகப் பெரிதாக அழிந்தது இந்தோனேசியாவின் அச்சே மாநிலம். அங்கும் நெடுநாட் போர் நடந்துகொண்டிருந்தது. அழிவு நடந்து எட்டு மாதம் நிறையுமுன், 2005 ஆகஸ்ட் 15 அன்று, அரசும் அச்சே விடுதலை இயக்கமும் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்து போரை முடித்தன. இலங்கையில் நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் கூட்டாக நிருவகிப்பதற்கு 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தான ஏற்பாடு உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. துன்பம் மனிதரைத் தானாக ஒன்றாக்கிவிடும் என்று நம்பியிருப்பது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஒன்றாவதற்கு எவரேனும் முதலில் எழுந்து மறுகரைக்குப் போக வேண்டும்.

அவ்வாறு போன ஒருவர் இதே கரையோரத்தில் பிறந்தவர். கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, விஞ்ஞானம் கற்று, துறவு பூண்டு விபுலாநந்தரானவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்திலும், ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக இமயமலை மாயாவதியிலும் வாழ்ந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பினார். பௌதிகமும் கணிதமும் கற்ற அறிவைக் கொண்டே மறைந்துபோன யாழின் இசையைக் கணக்கிட்டு ‘யாழ் நூல்’ எழுதினார். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய பணியைப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்த உவைஸ் அவரிடம் பயின்றவர். 1947 ஜூலையில் மறைந்த அவர், தாம் வளர்த்தெடுத்த கல்லடிச் சிவாநந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அடக்கமானார். எத்தனை ஊர் போனாலும் போன ஊரின் மொழியையும் கலையையும் கற்கும் விருந்தாளியாகவே அவர் போனார் என்பது மருமகன் கவனிக்க வேண்டியது.

இன்று கல்லாற்றுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றனர். அங்கே ஒரே அறையில் நேபாளியும் வங்காளியும் சிங்களவரும் உடன் படுத்துறங்குவர். நோயுற்ற இரவில் கஞ்சி வைத்துத் தருபவர் எந்த மொழிக்காரர் என்பதை முன்கூட்டித் தெரிவு செய்ய முடியாது. ஆகையால் மருமகன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் ஒரு நாள் மண்டூருக்கும் ஒரு நாள் மருதமுனைக்கும் ஒரு நாள் காத்தான்குடிக்கும் போய்வருவானாக. போய்ச் சேர்ந்த பின் எழுதும் முதற் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று எழுத வேண்டாம். அந்நாட்டில் முதன்முதலாக யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தான் என்பதை, அவர் பெயரோடும் ஊரோடும், எழுதுவானாக.

அன்புடன்,
மாமன்